ஏழாவது வரி

செத்தவர் கடைசியாக அழுத்திய பொத்தான் நன்றாகத்தான் வேலை செய்தது. அது அடிக்க வேண்டிய மணிதான் வாயைத் திறக்கவில்லை.

பொத்தான் குளிர்கிடங்குக்குள், கதவை ஒட்டிய சுவரில் இருந்தது. வக்கீலம்மாவின் உதவியாள் ஒட்டடை டார்ச் அடித்துப் பார்த்தான். பொத்தானைச் சுற்றிலும் பெயின்ட் உரிந்திருந்தது. நகம் பட்டு உரிந்தது.

"எத்தனை தடவை அழுத்தியிருப்பார் மேடம்?"

"விரல் மடங்கின வரைக்கும்," என்றார் வக்கீலம்மா. "வெளிய வா. உன் உடம்புல உறையறதுக்குக்கூட சதை கிடையாது."

அவர் வக்கீல் தொழிலை விட்டு எட்டு வருடம் ஆகிறது. கறுப்பு அங்கி இப்போது ஸ்கூட்டருக்கு உறை. துப்பறியும் வேலைக்கு வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒட்டடைக்கும் அப்படித்தான். ஆறடி உயரமும் அதற்குப் பொருந்தாத இடுப்புமாக வேலை கேட்டு வந்து நின்ற அன்று அவர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கையெழுத்துப் போடும்போதுதான் நினைத்துக்கொள்வான்.

கிடங்கின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் ரகம். வெளியிலிருந்து இழுத்தால் திறக்கும். உள் கைப்பிடி உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. அதனால் உள்ளே போகிறவர்கள் வேலை முடிந்ததும் பொத்தானை அழுத்துவார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அலுவலகத்தில், கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். யாராவது எழுந்து வந்து திறந்துவிடுவார்கள். கைப்பிடியை மாற்றிவிடலாம் என்று கேட்டவர்களிடம், உள்ளே போய்த் தூங்குகிறவனுக்குத்தான் கைப்பிடி வேண்டும் என்று பெரியவர் பதில் சொல்லியிருந்தார்.

பெரியவர் என்றால் முதலாளி. நேற்று சுமை தூக்குகிறவர்களுக்கு வார விடுமுறை. விடுமுறை தோறும் செய்வதுபோல் பதினொரு மணிக்கு, ஐந்து நிமிட வேலைதானே என்று கோட்டுகூடப் போடாமல் பெட்டிகளை எண்ண உள்ளே போனார். குளிரூட்டும் எந்திரத்தின் இரைச்சலில் கதவைத் தட்டினாலும் கேட்காது. மூன்று மணிக்கு வாட்ச்மேன் கதவைத் திறந்தபோது, அதில் சாய்ந்திருந்தவர் உட்கார்ந்த வாக்கிலேயே வெளியே சாய்ந்தார்.

போலீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தது. ஃபயர்வால் பட்டியலில் மணி அடிக்கும் புரோகிராமுக்கு எதிரே சிவப்புக் குறி. தடுத்த நேரம் நேற்று காலை பத்து ஐம்பது. தடுத்தது கிளார்க் பெண்ணின் லாகினிலிருந்து.

அந்தக் கிளார்க் பெண்தான் இன்று விடிந்ததும் விடியாததுமாக வக்கீலம்மாவின் வாசலில் வந்து நின்றாள். மாலை நான்கு மணிக்குக் கைது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. மணியைத் தான் தொடவே இல்லை, சீட்டாட்டத்தைத்தான் தடுத்தேன் என்று ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் வக்கீலம்மாவின் குறுக்கு விசாரணையில் சட்டை நனைந்தவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடாதீர்கள், அவ்வளவுதான் என்றார்.

இப்போது மணி இரண்டே கால்.

அலுவலகத்தில் நுழைந்ததும் ஒட்டடைக்கு மூச்சு முட்டியது. கோப்புகள், சாவிகள், ரப்பர் முத்திரைகள், மருந்துப் பெட்டியில் மாத்திரைகள்கூட அகர வரிசையில் இருந்தன. இது முதலாளியம்மாவின் சட்டம். ஒரு கோப்பு இடம் மாறியிருந்தால் அலமாரி முழுவதையும் தரையில் கவிழ்த்து, மறுபடி அடுக்கச் சொல்வாராம். பக்கத்து அறையில் அவர், கணவர் சாவுக்குக் காலையிலிருந்து ஆள்வழி வந்த இரங்கல் கடிதங்களை அனுப்பியவர் பெயர்ப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். அழுத அடையாளம் இல்லை.

"இந்தம்மாதான் மேடம்," என்று ஒட்டடை காதருகே சொன்னான். "புருஷனையும் ஃப்ரீஸர்ல சரியான இடத்துல அடுக்கிட்டாங்க."

"வாய மூடிட்டு ஃபயர்வால்னா என்னன்னு சொல்லு."

"கம்ப்யூட்டர் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன். யார உள்ள விடணும், யார விடக்கூடாதுன்னு கையில ஒரு பட்டியல் வச்சிருப்பான். பட்டியல்ல இருக்கிறத அப்படியே செய்வான். சொந்த புத்தி கிடையாது."

"உனக்கு உறவா?"

கிளார்க் பெண் நேற்று நடந்ததைச் சொன்னாள். பெரியவரின் தம்பி, எல்லோருக்கும் சின்னவர், காலையில் வந்து இதே கம்ப்யூட்டரில் சீட்டாட உட்கார்ந்தார். வேலை நேரத்தில், அண்ணன் கண்ணெதிரே, சத்தத்தைக்கூடக் குறைக்காமல். பெரியவர் கோப்பால் அவர் பின்மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தார். இந்தச் சனியனை இப்போதே தடு என்று அவளிடம் கத்தினார். சின்னவர் சிரித்துக்கொண்டே எழுந்து முடிவெட்டப் போய்விட்டார். மாலை வரை சலூனிலும் தையல்காரரிடமும் இருந்ததற்கு நான்கு பேர் சாட்சி. அவள் ஃபயர்வாலைத் திறந்து, பட்டியலைப் பெயர்ப்படி அடுக்கி, சீட்டாட்ட வரியைத் தேர்ந்தெடுத்து 'தடு' என்பதை அழுத்தினாள். சிவப்பு விழுந்தது. மூடிவிட்டாள். பெரியவர் வெகு நேரம் வராமல், மணியும் அடிக்காததால், கிடங்குக்குப் போகாமல் வழக்கம்போல் முற்றத்துப் பின்வாசல் வழியாக வெளியே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

வக்கீலம்மா குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒட்டடை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் அவனிடமிருந்து ஒரு செருமல் வந்தது.

"நாலு பேரோட ஆடறேன் மேடம். இப்பதான் ஒரு ஆட்டம் ஜெயிச்சேன். மூணு பேரு எந்த ஊர்னே தெரியல."

திட்டுவதற்காகத் திரும்பிய வக்கீலம்மா அப்படியே நின்றார்.

"சீட்டாட்டமா?"

"ஆமா."

"தடுத்ததா இந்தப் பொண்ணு சொல்றாளே. அப்புறம் எப்படிடா வெளியூர்க்காரனோட ஆடறே?"

ஒட்டடையின் விரல் நின்றது. பெண் பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பொய் சொல்கிறவள் முதல் வேலையாக அந்த ஆட்டத்தைத் தடுத்து வைத்திருப்பாள். ஒரு நாள் முழுக்கச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒட்டடை வேலை செய்தான், ஜோக் அடிக்காமல். கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டான். பட்டியலைப் பெயர்ப்படி அடுக்கி, பாட்டு வரும் ரேடியோ புரோகிராமைத் தடுத்தான். எதிரே சிவப்பு விழுந்தது, பாட்டு நிற்கவில்லை. அதற்குப் பதில் பிரிண்டர் செத்துப்போனது. மூடித் திறந்தான். சிவப்பு இப்போது பிரிண்டரின் எதிரே இருந்தது. அடுக்காமல் செய்து பார்த்தான். எதைச் சொன்னானோ அது நின்றது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு எழுந்து, வக்கீலம்மாவுக்கு விளங்கும்படி சொன்னான்.

பள்ளிக்கூடத்தில் பையன்களைப் பெயர்ப்படி வரிசையில் நிற்கவைத்துவிட்டு, மூன்றாவதாக நிற்கிறவனை அடி என்று சொன்னால் என்ன ஆகும். அடிக்கிறவன் கையில் இருப்பது பழைய பட்டியல். அதில் மூன்றாவது பெயர் யாரோ அவனுக்கு அடி விழும். இந்த ஃபயர்வாலில் அதுதான் கோளாறு. பெயர்ப்படி அடுக்கினால் திரையில்தான் வரிசை மாறுகிறது, உள்ளே மாறுவதில்லை. 'ஏழாவதைத் தடு' என்று போகிறது உத்தரவு. உள்ளே ஏழாவதாக இருந்தது மணி.

கிளார்க் பெண் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது இது விபத்துதானே, என்னை விட்டுவிடுவார்கள்தானே என்று விரல்களுக்கு உள்ளிருந்து கேட்டாள்.

"விடமாட்டாங்க," என்றார் வக்கீலம்மா. "கம்ப்யூட்டர் மேல பழி போடற பத்தாவது ஆள் நீன்னு சொல்வார் இன்ஸ்பெக்டர். அதோட, இது விபத்தும் இல்ல. ஒட்டட, அந்தப் பட்டியல இன்னொரு தடவை காட்டு. ஆட்டோ ஃபேக்ஸ்னு ஒண்ணு இருக்கு பார். இந்த ஆபீஸ்ல ஃபேக்ஸ் எங்க?"

ஃபேக்ஸ் இல்லை. அதற்குக் கீழே ஒரு வாசல் கேமராவுக்கான விதி. வாசலில் கேமரா இல்லை. மூன்றாவது, யாரும் கேள்விப்படாத ஒரு கைரேகைக் கருவிக்கு. மூன்றும் ஆங்கில ஏ எழுத்தில் தொடங்கும் பெயர்கள். மூன்றும் திங்கட்கிழமை மதியம் ஒன்று பத்துக்குச் சேர்க்கப்பட்டவை, கிளார்க் பெண்ணின் லாகினில். அந்த நேரத்தில் அவள் சாப்பிடப் போயிருப்பாள். பாஸ்வேர்டு திரையின் ஓரத்திலேயே சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது.

"இல்லாத சாமானுக்கு எதுக்கு மேடம் விதி?"

"சீட்டாட்டம் பெயர்ப்படி எத்தனாவது?"

"ஏழு."

"இந்த மூணையும் எடுத்துட்டா?"

ஒட்டடை எண்ணினான். "நாலு." பிறகு மெதுவாக, "தள்ளியிருக்காங்க," என்றான். "நாலாவதா இருந்தத மூணு படி கீழ தள்ளி, மணிக்கு நேரா நிறுத்தியிருக்காங்க."

"ஆமா. அப்புறம் இந்தப் பொண்ணு அடுக்குவா. அடுக்காம இந்த ஆபீஸ்ல ஒரு குண்டூசியக்கூட எடுக்க முடியாது. விரல் இவளோடது. குறி வச்சது வேற ஒருத்தர்."

அந்த வேறொருத்தர் இரண்டே பேரில் ஒருவர். அடுக்கும் பழக்கத்தை உண்டாக்கியவர் முதலாளியம்மா. சீட்டாட்டத்தைத் தடுக்கும்படி அண்ணனைச் சீண்டியவர் சின்னவர். இரண்டு பேருக்கும் பாஸ்வேர்டு தெரியும். ஆதாரம் என்று பார்த்தால் இரண்டு பேருக்கும் எதிராக ஒரு துரும்பு கிடையாது. ஒட்டடை முதலாளியம்மா மேல் பந்தயம் கட்டினான். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது.

சின்னவர் அப்போதுதான் அண்ணிக்கு வெந்நீர் கொண்டுவந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், புதிதாக வெட்டிய முடி. அண்ணி குடிக்கும் வரை டம்ளரைப் பிடித்தபடி நின்றார். ஒன்பது வயதில் தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தது அண்ணிதான் என்று கிளார்க் பெண் சொல்லியிருந்தாள்.

வக்கீலம்மா இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். குரலில் தேன் வடிந்தது. ஒட்டடைக்கு அந்தக் குரல் தெரியும். கோர்ட்டில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றும் குரல்.

கோளாறைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. மணி மறுபடி ஒழுங்காக அடிக்கிறது என்று யாராவது உள்ளே போய் அழுத்திக் காட்டினால்தான் போலீஸ் கிடங்கைத் திறக்க விடும், ஒரு நிமிட வேலை என்று மட்டும் சொன்னார். கிளார்க் பெண்ணிடம் பட்டியலைத் திறக்கச் சொன்னார். அவள் பெயர்ப்படி அடுக்கினாள். மணியின் வரியைத் தேர்ந்தெடுத்து, 'அனுமதி' என்பதை எல்லோரும் பார்க்க அழுத்தினாள். மணிக்கு எதிரே பச்சை வந்தது.

"திறந்தாச்சு," என்றார் வக்கீலம்மா. "யார் போறீங்க?"

"நான் போறேன்," என்றார் சின்னவர், கொஞ்சம் அவசரமாக.

"நீங்க இங்க இருங்க தம்பி, உங்ககிட்ட ரெண்டு கேள்வி இருக்கு. அம்மா போகட்டும்."

முதலாளியம்மா ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பழக்கப்பட்ட இடத்துக்குப் போகிறவர் போல முற்றத்தில் இறங்கினார். வக்கீலம்மா கூடவே போய், கதவு சாத்திக்கொண்டதும் வெளிப்பூட்டையும் பூட்டிவிட்டு, சாவியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒட்டடை தன் பந்தயத்தில் தோற்றுவிட்டதை அப்போதே உணர்ந்தான். மணி செத்துக் கிடக்கிறது என்று தெரிந்தவள் இப்படி நடந்து போக மாட்டாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. மணி அடிக்கவில்லை.

வக்கீலம்மா சின்னவரிடம் முடிவெட்டுகிற கடை எது, அங்கே கூட்டம் எப்படி என்று விசாரித்தார். சின்னவர் கடையின் பெயரைத் தப்பாகச் சொல்லித் திருத்தினார். அவர் கண் திரையில் இருந்தது.

இரண்டு நிமிடம்.

"அண்ணி அழுத்தியிருப்பாங்க," என்றார் சின்னவர்.

"அழுத்தினா அடிச்சிருக்குமே. பச்சையாத்தானே இருக்கு. பெட்டியெல்லாம் வரிசையா இருக்கான்னு பார்த்துட்டிருப்பாங்க. தையல்காரர்கிட்ட என்ன தைக்கக் குடுத்தீங்க?"

மூன்று நிமிடம். சின்னவர் எழுந்தார். தான் போய்த் திறந்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சாவிக்குக் கை நீட்டினார். மணி அடிக்காமல் திறந்தால் சோதனை செல்லாது என்று வக்கீலம்மா சாவியைக் கைப்பைக்குள் போட்டார். கதவை மறைத்து ஒட்டடை நின்றான். மறைக்கிற அளவுக்கு உடம்பு இல்லைதான். நீளம் போதுமாக இருந்தது.

"மேடம், சாவியக் குடுங்க."

"என்ன அவசரம் தம்பி? மணிதான் வேலை செய்யுதே."

"குடுங்கன்னு சொல்றேன்ல."

"நேத்து உங்க அண்ணன் நாலு மணி நேரம் இருந்தார். இவங்க போய் நாலு நிமிஷம்கூட ஆகல. கோட்டு வேற போட்டிருக்காங்க."

 சின்னவர் சாவியைப் பிடுங்கவில்லை, ஒட்டடையைத் தள்ளவும் இல்லை. ஒரே எட்டில் கம்ப்யூட்டரிடம் போய்க் கிளார்க் பெண்ணை நாற்காலியோடு நகர்த்தினார். பட்டியலில் கீழே வந்தார். மணியின் வரியைத் தாண்டினார். ஏழாவது வரியில், சீட்டாட்டத்தின் மேல் நின்று, 'அனுமதி' என்பதை அழுத்தினார்.

மணி அலறியது.

விடாமல் அலறியது. அந்தப் பக்கம் ஒரு விரல் பொத்தானை விட்டு எடுக்காமலே இருந்திருக்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கியது. வக்கீலம்மா சாவியை ஒட்டடையிடம் வீசினார். அவன் ஓடினான்.

அவன் முதலாளியம்மாவைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தபோது மணி நின்றிருந்தது. மணியின் வரி பச்சையாக இருக்கும்போது சீட்டாட்டத்தை எதற்குத் தொட்டீர்கள் என்ற கேள்வியை வக்கீலம்மா கேட்டு முடித்திருக்க வேண்டும். சின்னவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணியின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்ததும் தானாகவே பேசினார்.

இரண்டு மாதத்துக்கு முன் எதையோ தடுக்கப்போய்ப் பிரிண்டர் நின்றதில் அவருக்கு இந்தக் கோளாறு தெரியவந்தது. அப்போது அதை வைத்து என்ன செய்வது என்று தோன்றவில்லை. போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அலுவலகத்துக்கு வந்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் மேசை மேல் காலைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யார் உள்ளே என்று கேட்டதற்கு, உன் அண்ணிதான், எதிர்த்துப் பேசினாள், அரை மணி நேரம் ஆறட்டும் என்றார். இது முதல் தடவை இல்லை என்பது அண்ணியைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது.

"மணி அடிக்க அடிக்க உக்காந்திருந்தார்," என்றார் சின்னவர். "அடிக்காத மணி எப்படி இருக்கும்னு அவரும் பார்க்கட்டும்னுதான். உங்களுக்காகத்தான் அண்ணி."

முதலாளியம்மாவின் பல் தந்தியடித்தது. அது அடங்கும் வரை காத்திருந்து கேட்டார்.

"நான் கேட்டனாடா?"

"நீங்க கேக்க மாட்டீங்க."

 ஒட்டடை திருப்பிக் கொடுத்த சாவியைப் பைக்குள் போடப் போன வக்கீலம்மா, வேண்டாம் என்று மேசை மேல் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தார். கிளார்க் பெண்ணுக்கு என்று எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகினார். சின்னவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிவிட்டு, யாரும் பிடிக்காமலே ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார். அண்ணி ஜன்னலுக்கு வரவில்லை.

ஒட்டடை வண்டியைக் கிளப்பும்போது கேட்டான். "அவர் கடைசி வரைக்கும் சும்மா உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மேடம்?"

"அந்தம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் குளிரெடுத்திருக்கும்."

வாசலில் கிளார்க் பெண் ஓடி வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மேடம், நான் பட்டியல அடுக்காம, கண்ணாலயே தேடி அழுத்தியிருந்தா?"

ஒட்டடை வக்கீலம்மாவைப் பார்த்தான். ஒரு சின்னப் பொய் போதும். அதுகூட அவர் வாயில் வராது என்று அவனுக்குத் தெரியும்.

"உங்க முதலாளி மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பார்," என்றார் வக்கீலம்மா.

அவள் தலையாட்டினாள். திரும்பினாள். பின்னால் படியில், தோளில் போர்வையோடு முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

"ஆமா. வீட்டுக்குத்தான் வந்திருப்பார்," என்றார். "நல்ல வேளை, அடுக்கினே."